சுவீடனில் ஒரு சின்ன ஊருக்குக் குடிவருகிறீர்களா? கொம்யூனைப் பழகிக்கொள்ளும் வழி

உமெயோ நகரத்திலிருந்து மேற்கே, காட்டுக்குள் காரில் இரண்டரை மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். வெஸ்டர்பொத்தன் மாவட்டத்தின் உட்பகுதி. ஒரு கடை, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பள்ளி, பெரிய ஏரி, மற்றபடி சுற்றிலும் ஊசியிலைக் காடு. கொம்யூன் என்னும் உள்ளாட்சிப் பகுதி மொத்தத்துக்கும் மூவாயிரம் பேர் தேற மாட்டார்கள். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து, இரண்டு பிள்ளைகளோடு வந்தோம், ஏழு குளிர்காலம் ஆகிவிட்டது. எந்தக் கொம்யூன் என்று பெயர் சொல்லவில்லை, இவ்வளவு சின்ன ஊரில் பெயரைச் சொன்னால் ஆளையே சொன்ன மாதிரி. வந்த புதிதில் ஸ்டாக்ஹோமில் இருக்கும் நண்பர்கள் சொன்ன யோசனைகளை வைத்துக்கொண்டுதான் வந்தோம். நல்ல யோசனைகள்தான், ஆனால் மெட்ரோ ரயில் ஓடும் ஊருக்கானவை. இங்கே வருகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது கொம்யூன் எதைச் செய்யும், எதைச் செய்யாது, அதை நாம் எப்படி அணுகுவது என்பதுதான்.

சுவீடனில் 290 கொம்யூன்கள் இருக்கின்றன. நம் ஊராட்சி, நகராட்சி இரண்டையும் சேர்த்து, பள்ளிக்கூடத்தையும் முதியோர் பராமரிப்பையும் அதன் தலையில் ஏற்றி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு அமைப்பு. பத்து லட்சம் பேரை நெருங்கும் ஸ்டாக்ஹோமும், நாட்டிலேயே மிகக் குறைந்த மக்கள் உள்ள பியூர்ஹோல்மும் (எங்கள் மாவட்டம்தான், சுமார் 2,400 பேர்) சட்டத்தின் முன் ஒன்று. இரண்டும் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த வேண்டும், முதியவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தீயணைப்பு வண்டி வைத்திருக்க வேண்டும். ஆள் குறைவு, தூரம் அதிகம், பொறுப்பு அதே. இங்கே ஏன் பள்ளி மூடும் பேச்சு அடிக்கடி வருகிறது, ஏன் வரி அதிகம் என்பதற்கெல்லாம் பதில் இதில் இருக்கிறது.

இன்னொரு சின்ன வரலாறு, பக்கத்து வீட்டுக்காரர்களின் பேச்சு புரிய உதவும். 1862-இல் கிராமக் கொம்யூன்கள் உருவானபோது ஒவ்வொரு சர்ச் வட்டாரமும் ஒரு கொம்யூன், நாடு முழுக்க ஏறக்குறைய 2,500. 1952-இல் அவற்றை ஒன்று சேர்த்து 1,037 ஆக்கினார்கள், 1974-இல் 278 ஆனது, பிறகு சில பிரிந்து இன்று 290. அதனால் உங்கள் கொம்யூன் அலுவலகம் அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம், உங்கள் கிராமத்துக்கு ஒரு காலத்தில் சொந்த அலுவலகம் இருந்திருக்கலாம். அதை இழந்த கிராமங்கள் இன்னும் மறக்கவில்லை. "எல்லாம் அங்கேயே போகிறது, இங்கே ஒன்றும் வருவதில்லை" என்று கடையில் யாராவது சொன்னால் அது இன்று நேற்றுத் தொடங்கிய வருத்தம் இல்லை.

எந்தக் கதவு எதற்கு

புதிதாக வருகிறவர்கள் அதிகம் நேரம் இழப்பது இங்கேதான், நானும் இழந்தேன். மூன்று கதவுகள்: மத்திய அரசின் துறைகள், ரெகியூன், கொம்யூன். ரெகியூன் என்பது மாவட்ட அளவில் இருக்கும் அமைப்பு, நாட்டில் 21. அது கொம்யூனுக்கு மேலதிகாரி இல்லை, வேலைதான் வேறு. மருத்துவம் பெரும்பாலும் ரெகியூன், பேருந்துகளும் பெரும்பாலும் அதன் ஏற்பாடு. பள்ளி, மழலையர் பள்ளி, புதியவர்களுக்கான சுவீடிஷ் வகுப்பு, முதியோர் பராமரிப்பு, சமூக உதவி, குப்பை, ஊர்க் குடிநீர், தீயணைப்பு, நூலகம், வீடு கட்ட அனுமதி எல்லாம் கொம்யூன். குடிப்பதிவு, ஓட்டுநர் உரிமம், குழந்தைப் படி, பெரிய சாலைகள், காவல்துறை எல்லாம் மத்திய அரசு. இதை ஒரு தாளில் எழுதி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

முதல் வாரம்: பதிவு

ஸ்கத்தேவெர்கெட் என்னும் வரித்துறையில் குடிப்பதிவு செய்யாமல் எதுவும் தொடங்காது. குறைந்தது ஒரு வருடம் தங்கப் போகிறவர்களைத்தான் பதிவு செய்வார்கள், குடும்பம் முழுக்க நேரில் போக வேண்டும், பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி, திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாம் அசலாக எடுத்துப் போங்கள். அரசின் சேவை மையம் ஒவ்வொரு சின்ன ஊரிலும் இருக்காது, எங்கே இருக்கிறது, எந்த நாளில் திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லையென்றால் இருநூறு கிலோமீட்டர் வீண். பெர்சூன்நும்மர் என்னும் அடையாள எண் வந்த பிறகு அடையாள அட்டை, அப்புறம் வங்கிக் கணக்கு, அப்புறம் இணையத்தில் நம் அடையாளத்தைக் காட்டும் பேங்க் ஐடி. இந்த வரிசை மாறாது. பேங்க் ஐடி கைக்கு வந்த நாளில்தான் இங்கே வாழ்க்கை உண்மையில் தொடங்குகிறது, ஏனென்றால் கொம்யூனின் முக்கால்வாசி விண்ணப்பங்கள் அதன் வழியாகத்தான். நாட்டுக்குள் வீடு மாறினால் ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், அதையும் மறக்காதீர்கள்.

நவம்பர் 1 என்ற தேதியை இங்கே எல்லோரும் சொல்வார்கள். அன்று நீங்கள் எந்தக் கொம்யூனில் பதிவாகியிருக்கிறீர்களோ அந்தக் கொம்யூனுக்குத்தான் அடுத்த வருடம் உங்கள் உள்ளூர் வருமான வரி போகும், வசதி குறைந்த கொம்யூன்களைச் சமன்செய்ய வரும் நிதியும் அன்றைய மக்கள்தொகையை வைத்துத்தான் கணக்காகும். மூவாயிரம் பேர் உள்ள இடத்தில் நான்கு பேர் உள்ள ஒரு குடும்பம் வருவது பட்ஜெட்டில் தெரியும். "நீங்கள் வந்தது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா" என்று கொம்யூன் ஊழியர் ஒருவர் எங்களிடம் சொன்னபோது மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மரியாதைக்காகச் சொன்னதில்லை.

வரி பற்றி ஒரு வார்த்தை. கொம்யூனுக்கும் ரெகியூனுக்கும் சேர்த்து நாட்டின் சராசரி சம்பளத்தில் 32 விழுக்காட்டை ஒட்டி வரும். உட்பகுதியில் இன்னும் கூடுதல், எங்கள் மாவட்டத்து டோரோதெயா கொம்யூனில் 35-ஐத் தாண்டும். ஸ்டாக்ஹோம் பக்கத்துச் சில பணக்காரக் கொம்யூன்களில் இதைவிடப் பல விழுக்காடு குறைவு. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கையில் வரும் சம்பளத்தை இந்தக் கொம்யூனின் விழுக்காட்டை வைத்துக் கணக்குப் போடுங்கள். வீட்டு வாடகையோ விலையோ மிகக் குறைவு என்பதால் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது.

கார், உரிமம்

இதைத் தள்ளிப்போடவே கூடாது. இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் நீங்கள் குடிப்பதிவு ஆன நாளிலிருந்து ஒரு வருடம்தான் செல்லும். அதை சுவீடன் உரிமமாக மாற்றித் தர மாட்டார்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டும்: அனுமதி, சாலை ஆபத்துகளைப் பற்றிய இரண்டு பயிற்சிகள், எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு. தேர்வு மையம் தொலைவில், நாள் கிடைப்பது கடினம், ஒருமுறை தவறினால் மறுபடி காத்திருக்க வேண்டும். ஒரு வருடம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்ற ஊரில் உரிமம் இல்லாமல் குளிர்காலத்தில் மாட்டிக்கொண்டால் வேலையே கேள்விக்குறியாகிவிடும், அதனால் வந்த மாதமே விண்ணப்பியுங்கள்.

டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை சாலையில் பனி இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். இங்கே அக்டோபரிலேயே மாற்றிவிடுவோம். என்ஜின் ஹீட்டர் உள்ள காராகப் பார்த்து வாங்குங்கள். மூஸ் என்னும் பெரிய காட்டு மான் மீது மோதினால், அது எழுந்து ஓடிவிட்டாலும் 112-ஐ அழைத்துச் சொல்ல வேண்டும், மோதிய இடத்தில் அடையாளம் கட்டிவிட்டு வர வேண்டும், அது சட்டம். காயம்பட்ட விலங்கைத் தேடிப் போக ஊரில் வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள்.

பிள்ளைகள், மொழி வகுப்பு

மழலையர் பள்ளிக்கு விண்ணப்பித்தால் நான்கு மாதத்துக்குள் இடம் தர வேண்டியது கொம்யூனின் கடமை. ஒரு வயதிலிருந்து சேர்க்கலாம். கட்டணம் வருமானத்தை வைத்து, மேல்வரம்போடு: முதல் குழந்தைக்கு 3 விழுக்காடு, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1. சின்ன ஊரில் பெரும்பாலும் நான்கு மாதம் காத்திருக்கத் தேவைப்படாது. பள்ளியில் மதிய உணவு இலவசம். வீடு தொலைவில் இருந்தால் பள்ளி வண்டியும் இலவசம், ஆனால் அது தானாக வராது, ஸ்கூல்ஷுட்ஸ் என்று கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் பிள்ளைகள் குறைவாக இருந்தால் பேருந்துக்குப் பதில் டாக்ஸி வரும். ஆறு வயது மகள் தனியாக டாக்ஸியில் ஏறிப் போனதைப் பார்த்து முதல் வாரம் எங்களுக்குத் தூக்கமே இல்லை. ஓட்டுநர் எங்கள் தெருவுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர், பிறகு பழகிவிட்டது.

தமிழ் வகுப்பு வேண்டுமா? ஒரே மொழி கேட்கும் பிள்ளைகள் குறைந்தது ஐந்து பேர் கொம்யூனில் இருந்து, தகுந்த ஆசிரியரும் கிடைத்தால் பள்ளி ஏற்பாடு செய்ய வேண்டும். நம்மைப் போன்ற இடத்தில் ஐந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கு எங்கே போவது. ஆனாலும் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். இணைய வழியாக வேறு ஊர் ஆசிரியர் நடத்தும் ஏற்பாட்டுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, சில கொம்யூன்கள் அதைச் செய்கின்றன. கேட்கும் குடும்பம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவர்களும் யோசிப்பார்கள்.

பெரியவர்களுக்கு எஸ்எஃப்ஐ, அதாவது புதியவர்களுக்கான சுவீடிஷ் வகுப்பு. இலவசம், பதிவான மூன்று மாதத்துக்குள் தொடங்க வழி செய்ய வேண்டும். சின்ன கொம்யூனில் எல்லா நிலை மாணவர்களும் ஒரே அறையில் உட்காருவார்கள், ஒரே ஆசிரியர். இது குறை என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் எங்கள் வகுப்பில் ஒன்பது பேர், ஆசிரியருக்கு ஒவ்வொருவர் வீட்டு நிலைமையும் தெரியும், வேலை தேடிக்கொடுத்ததே அவர்தான். ஆங்கிலத்தில் சமாளிக்கலாம் என்ற எண்ணத்தோடு இங்கே வராதீர்கள். ஆங்கிலம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஊர்க் கூட்டமும் கடைப் பேச்சும் சுவீடிஷில்தான் நடக்கும்.

வீடு, தண்ணீர், சாலை

ஊர் மையத்தில் கொம்யூனுக்குச் சொந்தமான வாடகை வீட்டு நிறுவனம் இருக்கும், முதல் வருடம் அங்கே இருப்பது நல்லது. நகரத்தில் வருடக்கணக்கில் வரிசை என்றால் இங்கே வாரக்கணக்கில் வீடு கிடைப்பதும் உண்டு. பிறகு கிராமத்தில் வீடு வாங்கினால் சில விஷயங்கள் உங்கள் தலையில் வந்து விழும். சொந்தக் கிணறு என்றால் தண்ணீரை மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது பரிசோதிக்கச் சொல்கிறார்கள். செப்டிக் டேங்க் வைக்கவும் மாற்றவும் கொம்யூனின் சுற்றுச்சூழல் பிரிவு அனுமதி வேண்டும், பழைய டேங்க் சரியில்லை என்று வீடு வாங்கிய பிறகு தெரிந்தால் செலவு மிகப் பெரியது, ஆகவே வாங்கும் முன்பே கொம்யூனில் அந்த வீட்டின் டேங்க் அனுமதியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தருவார்கள். விறகு அடுப்பு இருந்தால் புகைபோக்கி துப்புரவும் தீப் பாதுகாப்புச் சோதனையும் கட்டாயம், கொம்யூன் ஏற்பாடு செய்த ஆள் தேதி குறித்துக் கடிதம் போடுவார். உணவுக் கழிவைத் தனியாகப் பிரிப்பது 2024 முதல் நாடு முழுக்கச் சட்டம். வீட்டை விரிவாக்கினால் அனுமதி மட்டும் போதாது, வேலையைத் தொடங்கலாம் என்ற தனி உத்தரவும் கையில் வந்த பிறகே முதல் ஆணி அடியுங்கள், இல்லையென்றால் அபராதம்.

சாலையைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும். முதல் குளிர்காலத்தில், ஜனவரி, ஒரு இரவில் முழங்கால் வரை பனி. எங்கள் மண்சாலையில் பனி தள்ளும் வண்டி வரவே இல்லை. கொம்யூனுக்குப் போன் செய்தேன். எடுத்த அம்மா பொறுமையாக "எந்தச் சாலை?" என்று கேட்டு, அது தங்களுடையது இல்லை என்றார். அரசுத் துறைக்குப் போன் செய்தேன், அவர்களுடையதும் இல்லை. அப்படியென்றால் யாருடையது? மதியம் பக்கத்து வீட்டுப் பெரியவர் டிராக்டரில் வந்து வழி செய்துவிட்டு, உள்ளே வந்து காபி குடித்துக்கொண்டே சொன்னார்: "இது நம்முடைய சாலை. உன் வீட்டுக்கும் இதில் பங்கு இருக்கிறது."

விஷயம் இதுதான். எண் போட்ட பெரிய சாலைகள் அரசின் சாலைத் துறைக்கு. ஊர் மையத்தின் தெருக்கள் கொம்யூனுக்கு. வீடுகளுக்கும் காட்டுக்கும் போகும் பெரும்பாலான மண்சாலைகள் தனியார் சாலைகள், அந்தச் சாலையோரம் நிலம் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சாலைச் சங்கம்தான் அதைப் பார்த்துக்கொள்ளும். சரளை போடுவது, பாலத்தைச் சரிபார்ப்பது, பனி தள்ளும் ஆளுக்குக் கூலி எல்லாம் பங்கு விகிதப்படி நம் பணம், பொது வழியாகத் திறந்திருந்தால் அரசு மானியமும் வரும். வருடத்துக்கு ஒரு கூட்டம், ஒருநாள் எல்லோரும் சேர்ந்து வாய்க்கால் சுத்தம் செய்யும் வேலை. அந்த நாளுக்குத் தவறாமல் போங்கள். மண்வெட்டியோடு நான்கு மணி நேரம் நின்றதில் எனக்குத் தெரிந்த ஊர்க்காரர்களின் எண்ணிக்கை, அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் தெரிந்தவர்களைவிட அதிகம். வீடு வாங்கும்போது விற்பவரிடம் சாலைச் சங்கம் உண்டா, வருடத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

மின்சாரம் போகும், புயலில் மரம் விழுந்தால் ஒரு நாள் முழுக்கக்கூட வராமல் இருக்கும். ஒரு வாரம் சமாளிக்கும் அளவுக்குத் தண்ணீர், உணவு, விறகு, பேட்டரி ரேடியோ வீட்டில் வைத்திருக்கச் சொல்லி அரசே எல்லா வீட்டுக்கும் கையேடு அனுப்புகிறது. அதைப் படித்து ஒதுக்கி வைக்காமல் செய்து வையுங்கள்.

மருத்துவம்

1177 என்ற எண் தாய்மாமன் வீட்டு எண் மாதிரி மனப்பாடமாக இருக்க வேண்டும். செவிலியர் எடுப்பார், என்ன செய்வது என்று சொல்வார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் 112. எங்கள் மாவட்டத்தின் உட்பகுதியில் ஷூக்ஸ்தூகா என்று ஒரு வகை சின்ன மருத்துவமனை உண்டு, சுகாதார மையத்தோடு சில படுக்கைகளும் இருக்கும். அந்தப் படுக்கைகள் எத்தனை முக்கியம் என்பதை டோரோதெயாக்காரர்களைக் கேட்க வேண்டும். 2012 ஜனவரியில், அங்கே படுக்கைகளை மூடும் முடிவை எதிர்த்து ஊர்மக்கள் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள், முறை வைத்து, இரவும் பகலும், மூன்று வருடத்துக்கும் மேல். 2013 செப்டம்பரில் மாவட்டம் முழுக்க மருத்துவம் பற்றி வாக்கெடுப்பு நடக்கும் அளவுக்கு அது போனது. தெற்கே சோலெஃப்தியோவில் 2017 தொடக்கத்தில் பிரசவப் பிரிவை மூடிய பிறகு அடுத்த பிரசவ மருத்துவமனைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். காரிலேயே பிரசவம் ஆனால் என்ன செய்வது என்று மருத்துவச்சிகள் வகுப்பு எடுத்தார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கர்ப்பமாக இருந்தால் எந்த மருத்துவமனை, எவ்வளவு நேரம், பனிப்புயல் அடித்தால் எப்போது முன்கூட்டியே கிளம்புவது என்று மருத்துவச்சியோடு ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அரசு அலுவலகத்திலும், மருத்துவத்திலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், 'தோல்க்' என்பது சொல். தமிழுக்குத் தொலைபேசி வழியாகக் கிடைக்கிறார்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், பெற்றோரின் நோயை ஒன்பது வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன

கொம்யூனின் தலைமை ஃபுல்மெக்திகெ, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம். வாக்காளர்கள் எட்டாயிரத்துக்குள் இருந்தால் குறைந்தது 21 உறுப்பினர்கள். அது கொம்யூன்ஸ்தீரெல்சே என்னும் நிர்வாகக் குழுவை நியமிக்கிறது, அதன் கீழே பள்ளி, சமூகநலம், கட்டட அனுமதி என்று நெம்ட் எனப்படும் குழுக்கள். அரசியல்வாதிகளில் ஓரிருவரைத் தவிர எல்லோரும் வேறு வேலை பார்ப்பவர்கள். மர லாரி ஓட்டுபவர், பள்ளி ஆசிரியை, பால் பண்ணைக்காரர் என்று இருப்பார்கள், மாலையில் கூட்டத்துக்கு வருவார்கள். அலுவலர்கள் வேறு, அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள், கட்சி சார்பில்லை. உங்கள் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் அலுவலர், கொள்கையை மாற்றக்கூடியவர் அரசியல்வாதி. அலுவலரிடம் போய்க் கொள்கைக்காகச் சண்டை போட்டால் பயன் இல்லை, அவருக்கும் கஷ்டம். அரசியல்வாதியைப் பிடிக்கச் சிபாரிசு தேவையில்லை, கடையில் பால் வாங்கும்போதே பேசலாம், 'ஹேய்' சொல்லி முதல் பெயரால் கூப்பிட்டால் போதும். நமக்கு முதலில் நாக்கு எழாது. தலைவரையே ஒருமையில் அழைப்பதா என்று தோன்றும். இங்கே அதுதான் மரியாதை.

ஃபுல்மெக்திகெ கூட்டம் எல்லோருக்கும் திறந்தது. ஒருமுறை போய் உட்காருங்கள், மொழி பாதி புரிந்தாலும் சரி. பார்வையாளர் வரிசையில் நீங்களும் உள்ளூர்ப் பத்திரிகைக்காரரும் மட்டும் இருக்கலாம். நம் கிராமசபை போல எழுந்து பேச முடியாது, சில கொம்யூன்களில் தொடக்கத்தில் பொதுமக்கள் கேள்வி நேரம் உண்டு. நிகழ்ச்சி நிரலும், பிறகு நடவடிக்கைக் குறிப்பும் கொம்யூன் இணையதளத்தின் 'ஆன்ஸ்லாக்ஸ்தாவ்லா' என்ற அறிவிப்புப் பலகையில் வரும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் ஊரில் என்ன நடக்கப் போகிறது என்பது மற்றவர்களுக்கு முன் உங்களுக்குத் தெரியும்.

அப்புறம், எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த விஷயம். 1766-லிருந்து இங்கே அரசு ஆவணங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. கொம்யூனுக்கு வந்த கடிதம், அது அனுப்பிய கடிதம், ஒப்பந்தம், செலவுக் கணக்கு எதையும் கேட்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை, எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் கேட்கவும் கூடாது. தனிமனிதரின் நோய், சமூக உதவி போன்றவை மட்டும் ரகசியம். நினைவில் வையுங்கள், நீங்கள் கொம்யூனுக்கு எழுதும் மின்னஞ்சலையும் அதே போல யாரும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். கோபத்தில் எழுதாதீர்கள்.

எந்த விஷயத்துக்குப் போனாலும் டியாரியெநும்மர் என்னும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் வேலையைப் பார்க்கும் அலுவலரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜூலையில் எல்லோரும் விடுமுறை, எதுவும் நகராது. செப்டம்பர் முதல் திங்கள்கிழமை வடக்கே மூஸ் வேட்டை தொடங்கும், அந்த வாரமும் பாதி ஊர் காட்டில்தான், கூட்டம் வைத்தால் ஆள் வராது.

நமக்கு ஒன்று வேண்டுமென்றால்

மெட்போர்யர்ஃபொர்ஷ்லாக் என்று ஒன்று உண்டு, குடிமக்கள் முன்மொழிவு. குடியுரிமை தேவையில்லை, கொம்யூனில் பதிவாகியிருந்தால் போதும், பிள்ளைகள்கூடக் கொடுக்கலாம். எல்லாக் கொம்யூன்களிலும் இந்த வழி இல்லை, இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளைகள் பள்ளி வண்டிக்குக் காத்திருக்கும் இடத்தில் விளக்கு இல்லை. டிசம்பரில் சூரியன் ஒன்பதரைக்குத்தான் எட்டிப் பார்க்கும், இரண்டு மணிக்குள் போய்விடும், வண்டியோ காலை ஏழு பத்துக்கு. மர லாரிகள் போகும் சாலை. ஒரு பக்கம் எழுதினேன், எஸ்எஃப்ஐ ஆசிரியர் மொழியைத் திருத்திக்கொடுத்தார். ஒரு விஷயம் மட்டும், எந்த இடம், எத்தனை பிள்ளைகள், என்ன வேண்டும் என்று. முடிந்தவரை ஒரு வருடத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பத்தாவது மாதம் பதில் வந்தது: மூன்று விளக்கு கேட்டதற்கு ஒன்று. நடுவில் மூன்று முறை பதிவு எண்ணைச் சொல்லி நிலைமை கேட்டிருந்தேன், அது இல்லையென்றால் இன்னும் தாமதமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் சொந்த விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்ய மூன்று வாரம், முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து. எப்படிச் செய்வது என்று அந்தக் கடிதத்தின் அடியிலேயே இருக்கும், பணம் கட்ட வேண்டாம், முடிவெடுத்த அலுவலகத்துக்கே அனுப்ப வேண்டும். பள்ளியை மூடுவது போன்ற பொது முடிவு சட்டத்தை மீறியது என்று நினைத்தால் அதை நிர்வாக நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம், அதற்கும் மூன்று வாரம், ஆனால் அது நடவடிக்கைக் குறிப்பு அறிவிப்புப் பலகையில் ஏறிய நாளிலிருந்து. முடிவு புத்திசாலித்தனமானதா என்பதை நீதிமன்றம் பார்க்காது, சட்டப்படி எடுத்ததா என்று மட்டும் பார்க்கும். வாக்காளர்களில் பத்து விழுக்காட்டினர் கையெழுத்திட்டால் வாக்கெடுப்பு கேட்கலாம், மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு எதிர்த்தால்தான் தடுக்க முடியும். முடிவு ஆலோசனை அளவுக்குத்தான், ஆனாலும் சின்ன ஊரில் அதைத் தட்டிக்கழிப்பது எளிதில்லை.

ஊர்ச் சங்கங்கள்

கொம்யூன் செய்ய முடியாததை இங்கே சங்கங்கள் செய்கின்றன. கிராமச் சங்கம், பனிச்சறுக்கு, வேட்டை, பாடகர் குழு. பல கிராமங்கள் இணையக் கேபிளையே தாங்களே பள்ளம் தோண்டிப் பதித்திருக்கின்றன. ஆண்டுக் கூட்டங்கள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். கடையின் பலகையில் தாள் ஒட்டியிருப்பார்கள், அழைப்புக்குக் காத்திருக்க வேண்டாம், அந்தத் தாள்தான் அழைப்பு. காபியும் ரொட்டியும் இருக்கும். கணக்கு எழுத ஆள் கிடைக்காமல் திண்டாடுவார்கள், உங்களுக்கு அது வருமென்றால் கையைத் தூக்குங்கள். கடையிலும் முடிந்ததை வாங்குங்கள். எங்கள் கடைதான் தபால், மருந்து, பெட்ரோல் எல்லாவற்றுக்கும் முகவர், அது மூடினால் அடுத்தது ஐம்பது கிலோமீட்டர்.

வாக்கு

தேர்தல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு. 2022-இல் 11-ஆம் தேதி, அடுத்து 2026 செப்டம்பர் 13. நாடாளுமன்றத்துக்குக் குடியுரிமை வேண்டும். ஆனால் கொம்யூனுக்கும் ரெகியூனுக்கும், 18 வயதாகி, தேர்தல் நாளுக்கு முன் தொடர்ந்து மூன்று வருடம் சுவீடனில் பதிவாகியிருந்தால் நம் பாஸ்போர்ட்டோடே வாக்களிக்கலாம். மஞ்சள் சீட்டு நாடாளுமன்றத்துக்கு, நீலம் ரெகியூனுக்கு, வெள்ளை கொம்யூனுக்கு. எங்கள் கொம்யூனில் கடைசி இடம் ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் போனது. வாக்களிக்க உரிமை வந்தால் போட்டியிடவும் உரிமை உண்டு, கட்சிகள் பட்டியலுக்கு ஆள் தேடி வீட்டுக்கே வருவார்கள். வந்தால் உடனே சம்மதிக்காமல் அவர்களுடைய ஒன்றிரண்டு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள், பள்ளி பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். வாக்காளர் அட்டை தபாலில் வரும், அதில் எந்த வாக்குச்சாவடி என்று இருக்கும். போகும்போது அடையாள அட்டையையும் எடுத்துப் போங்கள்.